சட்டைப்பையில் தங்கிவிட்ட மூன்று பதக்கங்கள்

அயர்லாந்தின் டிப்பரரியில் பால் நிலையத்துக் குமாஸ்தா மாலக்கி லூபிக்கு ஒரு குறையும் கிடையாது, அப்பாவைத் தவிர. அப்பா கார்னீலியஸ் 1915-இல் ஆங்கிலேய அரசனின் பட்டாளத்தில் சேர்ந்து, பிரான்ஸில் சேற்றில் கிடந்து, மூன்று பதக்கங்களோடு திரும்பியவர். வந்து பார்த்தால், ஊர் விடுதலை கேட்டு அதே அரசனின் சிப்பாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. மனுஷன் வாயை மூடிக்கொண்டார்.

பள்ளியில் மாலக்கிக்கு 'ராஜா வீட்டு நாய்க்குட்டி' என்று பெயர். அதைத் துடைப்பதிலேயே அவன் பாதி ஆயுள் போனது. ஐரிஷ் மொழியை விழுந்து விழுந்து படித்தான். ஐரிஷ் மட்டைப்பந்தான ஹர்லிங் ஆட்டக் கழகத்துக்குச் செயலாளர் ஆனான். ஆங்கிலேயப் பட்டாளத்தானுக்கு அங்கே இடமில்லை என்ற விதியை ஆண்டுதோறும் உரக்க வாசிப்பதும் இவன்தான். நல்ல கூத்து!

1966 வசந்தத்தில் கார்னீலியஸ் படுத்த படுக்கையானார்.

"டேய், உசுரோட இருக்கயில அந்தப் பதக்கங்கள ஒரு நாளும் போட்டதில்ல. என்னைக் கெடத்துறப்போ மூணையும் நெஞ்சுல குத்திடு."

"சரிப்பா" என்றான் மாலக்கி.

பத்து நாளில் போய்விட்டார். பழுப்பு அங்கி உடுத்தி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். மாலக்கியின் மனைவி நோரீன் பதக்கங்களை எடுத்து வந்தாள்.

"குத்துங்க."

"கழகத்துக்காரங்க மொத்தப் பேரும் வருவாங்கடி. பெட்டிய மூடுறப்போ குத்திக்கலாம்" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வாக்குக் குடுத்தீங்கல்ல?"

"ஊர் மூஞ்சில முழிக்கப்போறது நானா, அவரா?"

சாயங்காலம் வீடு நிரம்பியது. தேநீரும் விஸ்கியும் மூக்குப்பொடித் தட்டும் சுற்றிவந்தன. விடுதலைப் போரில் ஆங்கிலேய லாரிகளை மறித்துச் சுட்ட கிழவர் ஜெர் கோக்லி வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மண்டியிட்டு ஜெபித்தார். பிறகு பிணத்தின் நெஞ்சைப் பார்த்தார்.

"பதக்கமெல்லாம் எங்கப்பா?"

மாலக்கி சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அதுங்களா? விடுதலை வந்த வருஷமே ஆத்துல வீசிட்டாருங்க. அவருக்கே வெக்கமாப் போச்சு."

கோக்லி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா? போன மாசம் இதே வீட்டுல நானும் அவரும் உக்காந்து அதத் தொடச்சோம். ஒரு தடவ போட்டுக் காட்டுய்யான்னேன். வேணாம், பையன் தலகுனிய வேண்டிவரும்னாரு."

யாரோ விஸ்கியை மெல்ல விழுங்கினார்கள். மாலக்கிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. தன் வெட்கத்தை எடுத்து, செத்துக் கிடந்தவரின் தலையில் கட்டியிருந்தான்.

மறுநாள் காலை பெட்டியை மூட ஆள் வந்தான். நோரீன் கணவனையே பார்த்தாள். பையில் கை விட்டால் போதும். விட்டால், நேற்றுச் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். அவன் கை எழவில்லை. மூடி விழுந்தது, ஆணி இறங்கியது.

அந்தப் பொய்யை ஊரில் ஒருவர்கூட நம்பியிருக்கவில்லை. அதைக் காப்பாற்றத்தான் அப்பாவை வெறும் நெஞ்சோடு அனுப்பினான்.