எலும்புக்கு அந்தப் பக்கம்

எங்கள் தெரு பிலிப்பு அண்ணனுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. கல்வராயன் மலையடிவார நிலங்களில் பாதிக்கு அவர்தான் குழாய்க்கிணறு போட்டவர். துளை போடும் இரும்பு ராடு பாறைக்குள் இறங்கும்போது லிவரில் கைவைத்து, தலையைச் சாய்த்து, சத்தத்தையே கேட்டபடி நிற்பார். பாறையில் வெடிப்பு வந்தால் ராடு சட்டென்று சரியும். ஒருமுறை வடக்கனந்தலில் லிவரை நிறுத்த உதவியாளின் கை தாமதித்ததில் ராடெல்லாம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதன்பின் லிவரை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

போன ஐப்பசியில், போர் போட்ட இடத்துச் சேற்றில் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பில் துளை போட்டு, தகடு வைத்து ஸ்குரு முடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் மாட்டேன் என்றார்.

"கட்டுப் போட்டுக்கினு வூட்டுல கெடக்கறேன்."

"கெடங்க. நான் தூக்கித் தூக்கி வெக்கறேன்" என்றார் அவர் மனைவி செபஸ்தியம்மாள். "பாறையத் தொளச்ச ஆளு, ஒரு எலும்புக்கு இந்த பயம்."

"தொளச்சவனுக்குத்தான்டி பயம் தெரியும்."

டாக்டர் கோகிலவாணி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எலும்பு முடிஞ்சதும் டிரில்லு பொசுக்குனு அந்தாண்ட பூந்துடும்" என்றார் அண்ணன். "அந்தாண்ட இன்னாங்க இருக்குது?"

டாக்டர் மழுப்பவில்லை. "பெரிய ரத்தக்குழாய் இருக்குங்க. நீங்க பயப்படுறது நியாயந்தான். எலும்பை நேராக்கக் காலை இழுத்துக் கட்டுவோம். இழுத்தா அந்தக் குழாயும் விறைச்சு எலும்புகிட்ட வந்துடும். அதனால கீழ ஓட்டை போடுறப்ப இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திடுவேன். அளவு தாண்டாம டிரில்லுல ஒரு தடுப்பு மாட்டுவேன். எக்ஸ்ரேயும் பாத்துக்கினே இருப்போம். மிச்சம் கைதான்."

"யாரு கை?"

"என் கை."

அண்ணன் அந்தக் கையையே பார்த்தார். "எத்தன அடி போவணும்?"

"அடியா? ஒரு விரல் நீளம்கூட இல்லீங்க."

"செரி, போடுங்க."

ஆபரேஷன் அன்று இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். அண்ணன் விழித்தே இருந்தார். நடுவில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததை வார்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்.

"டிரில்லு சத்தம் மொதல்ல கெட்டியா கேட்டுச்சு தம்பி. அப்பறம் இளகுச்சு. மறுபடியும் கெட்டி. அந்தக் கெட்டி உடையற நொடியில டிரில்லு நின்னுடுச்சு பாரு. நான் புடிச்சினு இருந்த மூச்ச அப்பத்தான் வுட்டேன். ஒவ்வொரு ஸ்குருவுக்கும் அப்பிடியே நிறுத்துனாங்க."

மாலையில் டாக்டர் வந்து அவர் புறங்காலில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். நாடி நன்றாகத் துடிக்கிறது, ரத்தக்குழாய்க்கு ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஜன்னல் வரைக்கும் வாங்க, போதும்" என்றார் செபஸ்தியம்மாள்.

"ஜன்னல்ல இன்னா இருக்குது? கதவாண்ட போலாம்" என்று வாக்கரை நகர்த்தி, அடிபட்ட காலை முன்னால் வைத்தார்.