மறுப்பு வராத வாரம்

உள்ளறையில் கணினி 'டிங்' என்று ஒலித்தது. கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவருக்குமே அது என்ன செய்தி என்று தெரியும். மென்பொருளில் எந்தத் தமிழ்ச்சொல் வரவேண்டும் என்பதை இனி தமிழ்க்குழு அல்ல, தலைமை மன்றமே முடிவு செய்யும். நாகஜோதி எழுந்து போகவில்லை.

"போயிப் பாரும்மா. நீ வச்ச தீர்மானந்தான, ஜெயிச்சிருச்சு" என்றார் ஆசீர்வாதம்.

பசுமலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அவர். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூலி வாங்காமல் உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் அந்த மென்பொருளைத் தமிழில் பேச வைத்தவர்களில் மூத்தவர். திருநகரில் இதே கூடத்தில் ஞாயிறுதோறும் கூடி, வடையைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டிய குழு அது. நடத்தியவள் நாகஜோதி. பிறகு நிரல் எழுதுகிறவர்கள் அவளைத் தலைமை மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வழக்கம் வேறு. பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே எழுதுவார்கள். ஒரு வாரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான் தீர்மானத்தை வைத்தாள். ஒரு மறுப்பும் வரவில்லை. பூரித்துப் போனாள், பாவி!

"பிடிக்கலைன்னா ஒரு வரி எழுதியிருக்கலாமேண்ணே."

"அம்புட்டுப் பேரு பாக்குற எடத்துல, நம்ம பிள்ள சொன்னது தப்புன்னு நான் எழுதணுமாக்கும்? இந்த வாரத்துல ஒரு நா வீட்டுக்கு வந்தேன்ல? 'நல்லா யோசிச்சியாம்மா'ன்னு எத்தன தடவ கேட்டேன்?"

கேட்டார். காப்பியைக்கூடத் தொடாமல் கேட்டார். ஞாயிற்றுக்கூட்டத்தில் ஒரு சொல் பிடிக்காவிட்டால் அவர் அப்படித்தான் கேட்பார். அந்தச் சொல்லை அத்தோடு எல்லோரும் கைவிடுவார்கள். இத்தனை வருடம் பழகிய கேள்வி, அன்று மட்டும் அவள் காதில் ஏறவில்லையே! "யோசிச்சாச்சுண்ணே" என்று சிரித்தாளே!

"திரும்ப ஒரு தீர்மானம் வைக்கிறேன். நீங்க எதிர்த்து எழுதுங்கண்ணே. எனக்காக."

"ஒங்க மன்றத்துல சத்தம் போடுறவந்தான் மனுசன். எனக்குத் தொண்டை பத்தாதும்மா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எம் பேர மட்டும் குழுவுலேருந்து எடுத்துரு."

வாசலில் செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. 'இருங்கண்ணே' என்று சொல்ல வாயெடுத்தாள் நாகஜோதி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

எத்தனையோ ஞாயிறுகளில் "வாரேம்மா" என்று படியிறங்கியவர், இன்று "போறேன்" என்றார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.