ஒரே நேயருக்கான வானொலி

சென்னப்பனின் வாடகைக் காரில் பாட்டு ஓடும், கேட்காது. செட்டின் திரையில் பாட்டின் பெயர் வரும், அடியில் நீலக் கோடு நகரும். நான்கு கதவுகளிலும் உள்ள ஸ்பீக்கர்கள் மட்டும் வாயைத் திறக்காது. மாங்காய் சீசனுக்கு முன் நின்ற சத்தம், சீசன் முடிந்து மாங்கூழ் ஆலைகளின் முன்னால் லாரி வரிசை கலைந்த பிறகும் திரும்பவில்லை.

இருந்தும் அவர் செட்டை அணைப்பதில்லை. சேலத்துக்குச் சவாரி கிடைத்தால், தொப்பூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் திரையில் ஒரு பதிவைத் தொடுவார். நீலக் கோடு நகரத் தொடங்கும். கணவாய் இறக்கத்தில் கோடு பாதியைத் தாண்டுகிற இடத்தில், "செரி சாமி" என்று மெல்லச் சொல்லிக் கியரைக் குறைப்பார். பின்னால் இருப்பவர்கள், டிரைவர் ஏதோ கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் பேசுவது அவருடைய மகள் பூவிழி. கல்லூரியில் படித்தபோது, அப்பாவின் காருக்கென்று ஒரு வானொலி நிலையத்தையே நடத்தினாள். செல்போனில் பேசிப் பதிவு செய்து, பாட்டுகளுக்கு நடுவே செருகிக் கொடுப்பாள். "வணக்கம் நேயர்களே... இல்ல, நேயரே! இந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு நேயர்தான். ஹலோ, எந்த ஊரு நேயருங்க?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் கரகரத்த குரலில் அவளே பதிலும் சொல்வாள்: "எந்த ஊரா இருந்தா என்ன சாமி, பாட்டப் போடு!" கணவாய்க்கென்று தனிப் பதிவு இருந்தது. "அப்பா, தொப்பூரு எறங்கறீங்க. லாரி சூத்துல ஒட்டாதீங்க. செகண்டு கியர் போடுங்க. தாளம் போடாதீங்க, ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருக்கட்டும்."

அந்தப் பூவிழி, கூடப் படித்த மாதவராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். மாதவராஜ் காலனிப் பையன். வேலையில் இருக்கிறான், குடிப்பதில்லை, தன் தங்கையைப் படிக்கவைக்கிறான். இதையெல்லாம் ஊரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. எந்தத் தெருவில் பிறந்தான் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது. சென்னப்பனின் தம்பி மாதையன் பாட்டுகள் இருந்த பென் டிரைவைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினார். பூவிழி தன் பதிவுகளையெல்லாம் செட்டுக்குள்ளேயே ஏற்றி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. மகளின் குரல் அந்தச் சின்னப் பெட்டியில் மட்டும் மிச்சமிருந்தது.

மாலையில் கார் வந்து நின்றால், மனைவி காசியம்மாள் வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"இன்னைக்காச்சும் பேசுச்சா?"

"இல்ல."

அரூரில் ஒரு கடையில் காட்டினார். "செட்டு போயிடுச்சுங்க. தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம்" என்றார்கள். சென்னப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்து அவர் போனது தருமபுரியில் கார் செட்டுகளைப் பழுது பார்க்கும் முதசிரின் கடைக்கு.

"தம்பி, செட்ட மட்டும் கழட்டக் கூடாது. முன்னாடியே சொல்லிப்புடறன்."

"ஏன்ணா, உள்ள நகை கிகை ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எம்பொண்ணு பேசி வெச்சிருக்குது."

முதசிர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "அத வேற பென் டிரைவ்ல எடுத்துக்கலாமே?"

"அரூர்ல பாத்தாங்க. இந்தப் பழைய செட்டுல உள்ள ஏத்தறதுதான் நடக்குமாம், வெளிய எடுக்க வராதாம்."

"அப்பச் செரி. கை வெக்கல."

முதசிர் கதவுப் பலகையைக் கழற்றி ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களை உருவினார். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறிய பேட்டரியை அவற்றில் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஸ்பீக்கர், தொண்டையைச் செருமுவதுபோல் 'கர்ர், கர்ர்' என்றது. சென்னப்பன் சட்டென்று குனிந்து காதை வைத்தார்.

"அது பேட்டரி சத்தம்ணா. ஸ்பீக்கர் உசுரோட இருக்குதுனு அர்த்தம்." நான்கு கதவுகளிலும் பார்த்தாயிற்று. நான்கும் செருமின. "நாலும் ஒரே நேரத்துல ஊமையாச்சுன்னா ஸ்பீக்கர் மேல தப்பில்ல. செட்டும் ஓடுது. நடுவுல இருக்கறவன்தான் கெடுத்திருக்கான். ஆம்ப் எங்க வெச்சிருக்கீங்க?"

ஆம்ப் என்பது செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருந்து சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. அது முன்பக்கம், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் அடியில் இருந்தது. முதசிர் போல்ட்டுகளைக் கழற்றி இருக்கையை வெளியே தூக்கி வைத்தார். கார்ப்பெட்டை உரித்தார். மூக்கைச் சுளித்தார்.

"வண்டிக்குள்ள தண்ணி ஏறுச்சா?"

"மழையில நனைஞ்சிருக்கும்."

முதசிர் காய்ந்து சுருண்ட ஒரு மாவிலையை எடுத்து நீட்டினார். அடியில் தகரமெல்லாம் மஞ்சள் கறை. ஆம்பின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"உங்கூர்ல மழை மஞ்சத்தண்ணியாவாணா பெய்யுது? மாவெலையெல்லாம் சேத்து? நாத்தத்தப் பாத்தா, உள்ள மாட்டக் கட்டி வெச்ச மாதிரி இருக்குது."

சென்னப்பன் இருக்கை இல்லாத அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

ஒரு நாள் அவர் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரில் மழைக்கு ஒரு கடை ஓரமாகப் பூவிழியும் மாதவராஜும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். திருமணத்துக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்க்கிறார். கால் தானாகப் பிரேக்கில் போனது. மகள் பின்னால் ஏறினாள். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தான். ஓசூர்வரை யாரும் அதிகம் பேசவில்லை, செட்டுதான் பேசியது. தன் குரலையே கேட்டு வெட்கப்பட்டு, "அத நிறுத்துங்கப்பா" என்றாள் பூவிழி. "நிறுத்த மாட்டன், போ" என்றார் அவர். அவ்வளவுதான் அந்தப் பயணம். ஆனால் அவர்கள் ஏறியதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

ஊர் கூடியது. மாதையனின் மகள் காவியாவுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. வண்டி தீட்டுப்பட்டுவிட்டது, கழித்தால்தான் கல்யாணத்துக்கு நாங்கள் வருவோம் என்றார்கள் பெரியவர்கள். மஞ்சள் நீரும் மாட்டு மூத்திரமும் கலந்து மாவிலையால் கார் முழுக்கத் தெளித்தார்கள். மாதவராஜ் உட்கார்ந்த இருக்கைக்குத் தெளிப்பது போதாது என்று, குடத்தோடு கவிழ்த்தார்கள். அந்த இருக்கையில் தெருநாய் ஏறிப் படுத்திருந்தபோது, துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தவர்கள்தான் இவர்கள். மாட்டின் மூத்திரம் சுத்தம். வேலைக்குப் போய் உழைக்கும் ஒரு மனிதனின் முதுகு அசுத்தம். இப்படிக் கணக்குப் போடும் மூளைக்குப் பெயர் வழக்கம். அந்த வழக்கத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பாற்றுகிறார்கள்.

பிறகு கற்பூரம் ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மகளோடு பேசமாட்டேன், மீறினால் என் குடும்பம் விளங்காது. சென்னப்பன் அடித்தார். பழைய சிம்மைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மாதையன் புதிய எண் வாங்கிக் கொடுத்தார். காவியாவின் கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. மண்டபத்துக்குப் பெரியவர்களை ஏற்றிப்போனதும் இதே கார்தான். அதற்குள் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டிருந்தது. "என்ன சென்னப்பா, பாட்டு கீட்டு இல்லியா?" என்று அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார் ஒரு பெரியவர்.

முதசிர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வண்டிய நல்லாத்தான் சுத்தம் பண்ணியிருக்காங்கண்ணா. ஆம்ப் செத்துப்போச்சு. ஆனா அது இல்லாமயும் செட்டு தன் சொந்தச் சத்தத்துல ரெண்டு ஸ்பீக்கர ஓட்டும். முன்பக்கம் மட்டும் வரும், சத்தம் கம்மியா இருக்கும். பரவால்லியா?"

"கேட்டாப் போதும்."

ஆம்பை ஒதுக்கிவிட்டு, செட்டிலிருந்து வரும் ஒயர்களை முன்கதவு ஒயர்களோடு நேரடியாக முறுக்கி டேப் சுற்றினார். சென்னப்பன் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து திரையைத் தொட்டார். நீலக் கோடு நகர்ந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல்:

"வணக்கம் நேயர்களே... இல்ல, நேயரே!"

சென்னப்பன் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். கார் நின்றுகொண்டுதான் இருந்தது. பதிவு முடிந்ததும் மறுபடி தொட்டார். மறுபடியும். முதசிர் ஒயர் துண்டுகளை ஒவ்வொன்றாக, மெதுவாகவே பொறுக்கினார்.

குரல் வந்தும் ஏக்கம் அடங்கவில்லை. எத்தனை முறை தொட்டாலும் அவள் அதே சொற்களைத்தான் சொன்னாள். கல்லூரிப் பெண்ணாகவே இருந்தாள். இப்போது அவள் எப்படிப் பேசுகிறாள்? இளைத்திருக்கிறாளா? மழைக்கு ஒதுங்கி நின்ற அந்தத் தலை ஈரம் காய்ந்ததா?

"அண்ணா, போன் பேசறதும் இதே ஸ்பீக்கர்லதான் வரும். யாருக்காச்சும் ஒரு கால் போடுங்க, சரியா வருதானு பாத்துடறன்." ஒயர் மாற்றினால் கடைசியில் இப்படிப் பார்த்து அனுப்புவதுதான் முதசிரின் வழக்கம்.

சென்னப்பனின் விரல் செல்போன் மேல் நின்றது. காவியாவின் கல்யாணம் முடிந்துவிட்டது. தடுக்க இனி என்ன இருக்கிறது? ஒரு துண்டுக் கற்பூரம். அது கையடித்தபோதே அணைந்துவிட்டது. பயம் மட்டும் இத்தனை மாதமாக எரிந்துகொண்டிருந்தது. குடும்பம் விளங்காது என்றார்களே. மாலைதோறும் வாசலில் நின்று "பேசுச்சா?" என்று கேட்கும் காசியம்மாளின் முகத்தைவிட விளங்காமல் போக இனி என்ன மிச்சம்?

மனப்பாடமான எண்ணை அழுத்தினார். காருக்குள் மணி ஒலித்தது.

"ஹலோ, யாருங்க பேசறது?"

புதிய எண் அல்லவா, அவளுக்குத் தெரியவில்லை. அந்நியரிடம் பேசும் மரியாதைக் குரல். பதிவில் இல்லாத களைப்பு அதில் இருந்தது.

"மைக்கு பாக்கணும்ணா, ஏதாச்சும் பேசுங்க" என்றார் முதசிர். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

"யாருங்க? சத்தமே கேக்கலீங்களே."

"நேயர் பேசறன் சாமி."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. இரைச்சல் மட்டும். மறுபடி ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று சென்னப்பன் கதவோரம் குனிந்து காதை வைத்தார். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு உடைந்த குரலில், ஆனாலும் அதே பழைய ராகத்தில் வந்தது:

"எந்த ஊரு... எந்த ஊரு நேயருங்க?"