சேற்றுக்குத் தூக்கிய ஜீப்

போன வாரம் கந்தர்வக்கோட்டை பங்கில் பெட்ரோல் போட நின்றபோது எனக்கு முன்னால் ஒரு புது ஜீப் நின்றது. ஜீப் என்பதைவிட மாடி வீடு என்று சொல்லலாம். டயர் கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம். புது டயரில் மெல்லிசாக முளைத்திருக்குமே ரப்பர் மயிர், அதுகூட இன்னும் உதிரவில்லை. வாசம் ஆளைத் தூக்கியது. முன் டயரின் பல்லிடுக்கில் எலுமிச்சந்தோல் நசுங்கி ஒட்டியிருந்தது. அன்று காலையில்தான் பூஜை போட்டிருக்க வேண்டும்.

"எத்தனை இஞ்சு தூக்கியிருக்கீங்க தம்பி?" என்று ஓட்டி வந்தவரிடம் கேட்டேன்.

"மூணு இஞ்சுண்ணே. தூக்குற சாமானெல்லாம் கிட்டாவே வருது. காலைல விட்டேன், சாயங்காலம் குடுத்துட்டாங்க."

"சேத்துலயெல்லாம் எறக்குவீங்களா?"

"ஐயோ, இப்பத்தாண்ணே பெயின்டுக்கு மேல கோட்டிங் போட்டுருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார், முகம் சுருங்கிவிட்டது. உண்மையில் நான் அந்த எலுமிச்சந்தோலைப் பார்த்துத்தான் சிரித்தேன். விளக்கிச் சொல்வதற்குள் பின்னால் நின்ற ஆள் ஹாரனை அழுத்திவிட்டார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி ஆள் அனுப்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆந்திராவில் போர்வெல் வண்டி, கேரளாவில் ரப்பர் ஷீட் அடிக்கிற வேலை என்று சுற்றினேன். ரப்பர் வாசத்தோடு எனக்கு உறவு ஏற்பட்டது அங்கேதான். புளித்த பாலும் புகையும் கலந்த வாசம் அது. கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தால் சோறும் அப்படியே மணக்கும். மழை ஒழுகும் ஷெட்டில் படுக்கை. காய்ச்சல் வந்தால் தானாகப் போக வேண்டும். போர்வெல் வண்டியில் பழகிய வெல்டிங்தான் போகிற இடமெல்லாம் எனக்குச் சோறு போட்டது.

அப்படிச் சுற்றி வந்து அறந்தாங்கியில் காளிமுத்து அண்ணன் பட்டறையில் சேர்ந்தேன். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் கமான் பட்டைகளைக் கழற்றுவது, நிமிர்த்துவது, மாற்றுவதுதான் அங்கே வேலை. நான் அதுவரை பார்த்த வேலைகளைச் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டார்: "பொங்கல் வரைக்குமாவது இருப்பியா?" "இருப்பேண்ணே" என்றேன். எந்தப் பொங்கல் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காளிமுத்து அண்ணனுக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், "எறக்குங்க, பாத்துருவம்" என்பார். பிறகு என்னைப் பார்ப்பார். ரவி அண்ணன் ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுக்குப் பெரிய டயரு மாட்டணும்ணே, வண்டியத் தூக்கணும்" என்றபோதும் அப்படித்தான் சொன்னார். அதுவரை அவர் ஒரு ஜீப்பையும் தூக்கியதில்லை.

ரவி அண்ணன் மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்து ஊர்க்காரர். சவுதியில் பாலைவனத்துக்குள் தண்ணீர் வண்டி ஓட்டியவர். லீவில் வந்திருந்தார். அவர் மகள் அவரைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடி, "போன் அப்பா வந்துருக்காரு" என்று அம்மாவிடம் சொன்னாளாம். இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிப் போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. விசாவில் நாள் மிச்சமிருந்தது. ஜீப் ஓடினால் ஊர், ஓடாவிட்டால் சவுதி. அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கடலை நீங்கள் பார்த்திருந்தால் அவருடைய யோசனை புரியும். அலை கிடையாது. ஆழமும் கிடையாது. தண்ணீர் வற்றிவிட்டால் படகுகள் கரைக்கு வெகுதூரத்திலேயே நின்றுவிடும். நடுவில் கருஞ்சேறு. அவர் மனைவி செல்வி அக்காவும் மற்றப் பெண்களும் மீன் கூடையைத் தலையில் வைத்து, முழங்கால் புதைய நடந்து வருவார்கள். சிப்பி காலைக் கிழிக்கும். வெயிலில் மீன் வாடிவிடும். டிராக்டரை இறக்கிப் பார்த்தவர்கள் உண்டு. புதைந்ததைத் தூக்க இன்னொரு டிராக்டர் போய், அதுவும் புதைந்து நின்றது.

"டிராக்டர் கனம், பொதையும். ஜீப்பு லேசு. அகலமான டயரப் போட்டு, காத்தைப் பாதிக்கு மேல எறக்கிட்டா மெதந்துக்கிட்டுப் போகும். மணல்ல நாங்க அப்படித்தான் ஓட்டுவோம்" என்றார் ரவி அண்ணன்.

"காத்தில்லாம ஓட்டுனா டயரு என்னத்துக்கு ஆகும்? சவுதிக்காரன் கிறுக்கன், அவங்கிட்ட எண்ணெய் இருக்கு" என்றார் காளிமுத்து அண்ணன்.

டயர் கேரளாவிலிருந்து வந்தது. எஸ்டேட் ஜீப்புக்குப் போடுகிற சேற்று டயர். லாரியிலிருந்து உருட்டி இறக்கும்போது பழைய வாசம் மூக்கில் ஏற, எனக்கு அந்த ஷெட்டும் காய்ச்சலும் ஞாபகம் வந்தன. ஆனாலும் அழகு என்றால் அப்படி ஓர் அழகு! ஒவ்வொரு பல்லும் செங்கல் துண்டு போல இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜீப்பில் கமான் பட்டை அச்சுக்குக் கீழே தொங்கும். அதைக் கழற்றி அச்சுக்கு மேலே உட்காரவைத்தால் வண்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக உயரும். கேட்க லேசாக இருக்கிறதா? வண்டி உயர்ந்ததும் மற்றதெல்லாம் எட்டாமல் போயிற்று. எஞ்சினிலிருந்து பின்அச்சுக்குப் போகும் தண்டு குட்டையாகிவிட்டது. புதுக்கோட்டை லேத்தில் கொடுத்து நீட்டி வாங்கி வந்தோம். பிரேக் டியூப் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. "பள்ளத்துல சக்கரம் தொங்குனா அத்துக்கிரும்ணே" என்று ரவி அண்ணன்தான் விரலால் மீட்டிக் காட்டினார். அதையும் நீளமாக மாற்றினோம். டயர் உரசியதால் மட்காட்டை நான் வெட்டினேன். வெட்டி முடிக்கும்வரை அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

காளிமுத்து அண்ணன் தன் பங்குக்கு லாரிப் பட்டை இரண்டை உள்ளே சொருகினார். "கெத்தா நிக்கும்" என்றார். நின்றது. ஓட்டினால் குதித்தது. கட்டுமாவடி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்த எனக்கு இரண்டு நாள் குனிய முடியவில்லை. போதாததற்கு, பழைய உயரம் என்று நினைத்துக் காலை வைத்து இறங்கி, கடைத்தெருவில் முகம் குப்புற விழுந்தேன். லாரிப் பட்டைகள் வெளியே வந்தன. என் மூக்கில் தழும்பு இருக்கிறது, பார்க்கலாம்.

இந்த மாதிரி வண்டிக்கு ரோட்டில் ஓட அனுமதி கிடையாது. ஆனால் கடலுக்குள் நின்று லைசென்ஸ் கேட்க யார் வரப்போகிறார்கள்?

வண்டியைப் பார்க்க வந்த செல்வி அக்கா ஒரு சுற்றுச் சுற்றினார். "கூடையோட நாங்க இதுல ஏறணும்னா ஏணிய யாரு தூக்கிக்கிட்டு வாரது? நீங்களா?" என்று புருஷனைக் கேட்டார். எங்கள் மூவருக்கும் அது தோன்றவே இல்லை. வெளியே எடுத்த லாரிப் பட்டையில் ஒன்றை வெட்டி, பக்கவாட்டில் படியாகப் பற்றவைத்தேன்.

பூஜை கடற்கரையில், முனியய்யா கோயிலுக்கு எதிரே மணலில் நடந்தது. காளிமுத்து அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ரவி அண்ணன் நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். புஸ்ஸென்று போய் டயர் அடியில் பிதுங்கி நின்றது.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டிய இப்படியா வவுறு சரிஞ்சு நிக்க வைக்கிறது?" என்று காளிமுத்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரவி அண்ணன் வண்டியை மெதுவாக முன்னால் எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். நான்கு பழமும் மணலில் கொஞ்சம் அழுந்தி, அப்படியே முழுசாகக் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

சகுனம் சரியில்லை என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். பூசாரி வேறெங்கோ பார்த்தார். ரவி அண்ணனின் ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "வேணாய்யா. முனியய்யாவே வேணாங்குறாரு. பொட்டி கட்டுனது கட்டுனபடிக்கே இருக்கு, போயிருய்யா" என்று அழுதார்.

காளிமுத்து அண்ணன் பக்கத்தில் போனார். "தம்பி, பம்பு வண்டியிலதான இருக்கு? காத்தை நல்லா அடிச்சுட்டு இன்னொரு தடவ ஏத்துவம். ஒடையலன்னா என்னைக் கேளு."

அவர் சொன்னது நிஜம். உடைந்திருக்கும். ஊர் நிம்மதியாகியிருக்கும். காற்றடித்த அந்த டயரோடு இறங்கியிருந்தால் ஜீப்பும் டிராக்டர்களைப் போலச் சேற்றில் புதைந்திருக்கும். பாலைவனம் பார்த்த ரவி அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்தும் அவர் கை பம்பை எடுத்துவிட்டது. அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

செல்வி அக்கா குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். மணலைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இம்மாம் பெரிய வண்டி ஏறிப் போயிருக்கு. நான் மிதிச்சிருந்தாக்கூட இது நசுங்கியிருக்கும். எலுமிச்சங்காயவே அமுக்காத வண்டி சேத்துல எங்கிட்டுப் பொதையப் போகுது? பம்ப வைங்க கீழ."

பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் வைத்த படியில் காலை வைத்து ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். "தண்ணி ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துருவம். ஏறுங்கங்குறேன்."

நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலைப்பொழுது, அந்தப் படி, அந்தப் புடவைக் கொசுவம் எதையும் மறக்கவில்லை.

ஜீப் சேற்றில் இறங்கியது. நாங்கள் கரையில் நின்றோம். ஓரிடத்தில் வால் திரும்பிச் சறுக்கியது. "போச்சு" என்றார் காளிமுத்து அண்ணன். போகவில்லை. கருஞ்சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு, வாத்து போல ஆடி ஆடிப் படகுகள் வரை போயிற்று. திரும்பி வந்தபோது கூடைகள் நிறைந்திருந்தன. மீன் துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தலை முதல் கால்வரை ஒரே கறுப்பு. யார் புருஷன், யார் பொண்டாட்டி என்று சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் நான் போனபோது கூடைகளை ஒரு நீலக்கயிற்றால் ஜீப்பில் கட்டியிருந்தார்கள். அது சவுதிப் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் இன்னும் சில ஜீப்புகள் வந்தன. அத்தனையும் எங்கள் பட்டறையில் தூக்கியவை. "நாந்தான் அப்பவே சொன்னனே" என்று காளிமுத்து அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். காற்றழுத்தம் பார்க்கிற மீட்டர் யாரிடமும் கிடையாது. சேற்றில் இறங்கும் முன் மணலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். உடைந்துவிட்டால், "இன்னும் கொஞ்சம் எறக்கப்பா" என்பார்கள். முழுசாகக் கிடந்தால் முனியய்யாவைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பார்கள். வேறெந்த ஊரிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. நானும் எத்தனை பொங்கல் அங்கே இருந்தேன் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் அதிக காலம் தங்கிய ஊர் அதுதான்.

இப்போது அங்கே ஆழத்தண்ணீர் வரைக்கும் சிமென்ட் பாலம் நீண்டு கிடக்கிறது. படகு அதில் வந்து அணைகிறது. ரவி அண்ணன் மினி லாரி வைத்திருக்கிறார். பாலத்தின் நுனிவரை செருப்பில் சேறு படாமல் போய் மீனை ஏற்றி வருகிறார். செல்வி அக்காவின் காலில் புதுக் கிழிசல் இல்லை. நல்லதுதான், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜீப்புகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மினி லாரி வாங்கிய அன்று சிமென்ட் தரையில்தான் பூஜை போட்டார்களாம். நான்கு பழமும் ஒரே அடியில் நசுங்கிவிட்டனவாம். ஊரே கைதட்டியதாம்.

அக்கா மட்டும் குனிந்து தோலைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்றாராம்.