தலையணைக்குள் தைத்த துணி

சண்டைக்காலம். எனக்குக் கலியாணமாகி இரண்டாம் வருடம், வயிற்றில் முதல் பிள்ளை, ஆறாம் மாதம். திருகோணமலை டவுனில் இருந்து தம்பலகாமத்துக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, சீனன்குடாவுக்குச் சற்று முன்னால் ஆமிக்காரர் பஸ்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் நடந்தது இது. வயது போகப்போகக் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஆறாம் மாதம் ஒரு பொல்லாத மாதம். வாந்தியும் சத்தியும் நின்றுவிடும், வயிறு தெரியத் தொடங்கிவிடும், ஆனால் பஸ்ஸில் ஒருவர் எழும்பி இடம் தருமளவுக்குத் தெரியாது. படுத்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். மல்லாந்தால் மூச்சு முட்டும். டவுன் கிளினிக்கில் இருந்த மருத்துவிச்சி நல்ல மனுசி. இடப்பக்கம் சரிந்து படுக்கவேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைக்கவேண்டும், இருக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தவர், அன்றைக்குக் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார்.

"பிள்ளைப்பேறுக்கு வேண்டிய சாமானை இப்பவே எடுத்து வையுங்கோ. உங்கட பக்கம் ஆமி ரோட்டைப் பூட்டினா ஆஸ்பத்திரிக்கு வர ஏலாது. வீட்டில பிறந்தாலும் துப்புரவாப் பிறக்கவேணும்."

சாமான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவித்துக் காயவைத்த பழைய துணி, பஞ்சு, ஒரு போத்தல் டெற்றோல், தொப்புள்கொடி வெட்ட ஒரு புது சவர பிளேட், கட்ட நூல். டவுனில் இருந்த என் அக்கா எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அத்தானின் பழைய வேட்டிகளைக் கிழித்து, அவித்து, அயன் பண்ணிச் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் பிரச்சினை. இன்னும் பிறக்காத பிள்ளைக்குச் சாமான் சேர்ப்பது என் மாமிக்கு, கணவரின் தாயாருக்கு, ஆகவே ஆகாது, கண்ணூறு பட்டுவிடும் என்பார். அதற்கு முந்திய கிழமைதான் நான் ஒரு சின்னச் சட்டை தைக்கப்போய், "இன்னும் நாலு மாசம் கிடக்கு, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டு, தைத்ததைப் பிரிக்க வைத்தவர்.

நானும் அக்காவும் ஒரு கெட்டித்தனம் செய்தோம். துணி, பஞ்சு, போத்தல், பிளேட் எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் அடைத்து வாயைத் தைத்துவிட்டோம்.

"மாமி கேட்டா காலுக்கு வைக்கிற தலையணை எண்டு சொல்லு. அது பொய்யும் இல்லைத்தானே" என்றார் அக்கா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த நாட்களில் பஞ்சும் மருந்தும் டவுனைத் தாண்டிப் போனாலே காட்டுக்குள் இருக்கும் இயக்கக்காரருக்குக் காயம் கட்டத்தான் போகிறது என்று ஆமிக்காரர் சந்தேகப்படுவார்கள். அது எங்களுக்குத் தெரியாததல்ல. மாமிக்குப் பயந்த பயத்தில், சென்றியில் துவக்கோடு நிற்பவர்களை மறந்துபோனோம். இதைவிட மடத்தனம் வேறு என்ன இருக்கிறது?

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கந்தளாய்ச் சந்தையில் கருவாடு விற்கிறவர். என் கால் வீங்கியிருந்ததைக் கண்டதும் தன் பையை என் காலடிக்குத் தள்ளினார்.

"செருப்பக் கழட்டிட்டு இதுக்கு மேல கால வைங்க புள்ள. நான் அஞ்சு பெத்தவ" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

சென்றியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். பெண்களைச் சோதனை செய்த ஆமிப் பெண் என் தலையணையை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே போத்தல் தட்டுப்பட்டது. அவ்வளவுதான். ஒரு சிப்பாய் வந்து கத்தியால் உறையைக் கிழித்தான். அக்கா பார்த்துப் பார்த்து அவித்த துணியெல்லாம் ரோட்டுப் புழுதியில் உருண்டது. வெயிலில் பிளேட் மினுங்கியது.

"காயம் கட்டவா? யாருக்கு?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"பிள்ளைக்கு" என்று சொல்லிக் கிளினிக் கார்டை நீட்டினேன். அவன் அதில் இருந்த திகதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினான்.

"பேபி வர நாலு மாசம். இப்ப எதுக்கு? ஏன் ஒளிச்சது?"

என் மாமி கேட்ட அதே கேள்வி. மாமி பிள்ளைமேல் இருந்த ஆசையில் கேட்டார். இவனுக்கு என்ன உரிமை? நீங்கள் நினைத்த நேரத்தில் ரோட்டைப் பூட்டுவீர்கள், அதனால்தான் ஆறாம் மாதமே எடுத்து வைக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சோதனை செய்த அந்தப் பெண் என் வயிறும் துணிதானோ என்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். உள்ளே பிள்ளை புரண்டது. அவளுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

உச்சி வெயிலில் மண்மூட்டைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். இருக்கலாமா என்று கேட்டேன், விடவில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் திரும்ப ஏறி இருந்துகொண்டு மறுபக்கம் பார்த்தார்கள். இவர்களும் மனிதர்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி நிறுத்திவைத்துக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய காலமல்ல அது. பிள்ளையை எங்கே பெறப்போகிறேனோ என்று பயந்தேன்.

அப்போதுதான் அந்தக் கிண்ணியா அம்மா பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார். நேரே அந்தச் சிப்பாயிடம் போய்ச் சிங்களத்தில் கதைத்தார். எனக்கு ஓரளவு சிங்களம் விளங்கும். சந்தையில் விலை பேசுகிற குரலில்தான் கதைத்தார், சத்தம் போடவில்லை. ரோட்டைப் பூட்டுவது நீங்கள், பூட்டினால் பிள்ளை பிறக்காமல் காத்துக்கொண்டு இருக்குமா என்று கேட்டார். கிண்ணியாத் துறையில் படகு ஓடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாத ஒரு நாளில் தானும் வீட்டில் பெற்றதாகவும், துருப்பிடித்த பிளேட்டால் கொடி வெட்டி அந்தப் பிள்ளை ஏழாம் நாள் செத்துப்போனதாகவும் சொன்னார். அதனால்தான் இந்தப் பெண் புது பிளேட் வைத்திருக்கிறாள் என்றார்.

நான் விழுங்கியதை எல்லாம் அவர் சொல்லிவிட்டார். சிப்பாயின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பிப் போகச் சொல்லிக் கை காட்டினான். போத்தலும் பிளேட்டும் அவனிடமே தங்கிவிட்டன. பிறகு அந்த அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் நின்ற இடத்தில் அவரை நிற்கச் சொன்னான்.

நான் குனிய மாட்டாமல் குனிந்து துணியைப் பொறுக்கினேன். கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார்.

"நீங்க போங்க புள்ள, வெயில்ல நிக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

போனேன். ஏறி இருந்தேன். பஸ் வெளிக்கிட்டது. யன்னலால் பார்த்தபோது மண்மூட்டைக்குப் பக்கத்தில் முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டபடி நின்றார்.

வீட்டில் புழுதித் துணியைக் கண்ட மாமி, நடந்ததைக் கேட்டுவிட்டு, அவரே தண்ணீர் கொதிக்கவைத்துத் திரும்ப அவித்தார். புது பிளேட் வாங்க என் கணவரை அனுப்பியதும் அவர்தான். நாலு மாதம் கழித்து ரோட்டு பூட்டித்தான் இருந்தது. மகள் வீட்டிலேதான், அந்தத் துணியில்தான் பிறந்தாள். பிறகு கிண்ணியாத் துறையில் இரண்டு தரம் விசாரித்துப் பார்த்தேன். பெயர்கூடக் கேட்டு வைக்காத ஒருவரை என்ன சொல்லித் தேடுவது? அவரை அன்றைக்கே விட்டார்களா, என்ன செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு மாதக் கர்ப்பிணியை வெயிலில் நிறுத்தியவர்கள்மேல் உள்ள கோபத்தை நான் யாரிடமென்றாலும் சொல்லிவிடுவேன். "கொஞ்சம் நில்லுங்கோ, அவவும் வரட்டும்" என்ற நாலு சொல்லை அந்தக் கண்டக்டரிடம் சொல்லாத என்மேல் உள்ள கோபத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.