கழுத்தில் தொங்கும் பட்டன்

டொராண்டோ ஆஸ்பத்திரியில் எங்கள் கழுத்தில் தாலி மாதிரி ஒரு பட்டன் தொங்கும். நோயாளி கை ஓங்கினால் அமுக்க வேண்டும்; காவலர்கள் ஓடி வருவார்கள். ஊரில், மண்ணூர்பேட்டையில், பேச்சுப் பயிற்சியாளராக நான் வாங்கிய அறைக்கெல்லாம் பட்டன் இருந்திருந்தால் தேய்ந்தே போயிருக்கும்.

அங்கே செல்வம் என்று ஒரு லேத் தொழிலாளி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் நடந்த அடிதடியில் இரும்பு ராடால் மண்டை பிளந்து, பேச்சே போய்விட்டது. முதல் நாளே என் கன்னத்தில் விட்டான் ஒன்று. கூடவே அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை. அவன் மனைவி தேவி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா மேடம், பேரு கேட்டா வாயே தொறக்கல, இது மட்டும் வருது!"

"வரட்டும்மா" என்றேன். மூளையில் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் வசவுதான் முதலில் திரும்பும். அதையே பிடித்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து நானும் திட்டித் திட்டி, ஒரு நாள் "தேவி" என்று சொல்ல வைத்தேன். அப்போது நான் பதிவு பெற்ற முழுத் தெரபிஸ்ட்.

இங்கே வெறும் அசிஸ்டன்ட். மேற்பார்வையாளர் லிண்டா கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். அதுவரை பயிற்சி கொடுக்கலாம், நோயாளி தேறினாரா என்று வாய் திறக்கக் கூடாது. போன வாரம் ஜார்ஜ், பக்கவாதத்தில் பேச்சிழந்த லாரி ஓட்டுநர், என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கத்தினார். சுத்தமான கெட்ட வார்த்தை! வலியையும் மீறி எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் நின்ற லிண்டா தன் பட்டனை அமுக்கிவிட்டாள். காவலர்கள் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். உதடு கிழிந்து தரையெல்லாம் ரத்தம். "விடுங்கடா பாவிங்களா, அவரு பேசுறாருடா!" என்று தமிழில் அலறினேன். லிண்டா என்னைக் கட்டிக்கொண்டு, "பயப்படாதே, இனி உனக்கு ஆபத்தில்லை" என்றாள்.

பிறகு, அறிக்கைக்காக, அவர் தாக்கினார் என்று சொல்லச் சொன்னாள். சொன்னால் ஜார்ஜுக்குப் பயிற்சி நின்றுவிடும். "அவர் பேசினார்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு உரிமம் இல்லையாம். இனி கையெழுத்தும் போட மாட்டேன் என்றாள்.

மறுநாள் காலை, தையல் போட்ட உதட்டோடு ஜார்ஜ் அதே வார்த்தையைச் சொன்னார். பிறகு என் தலையைக் காட்டி, திக்கித் திக்கி, "சாரி" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் கேட்டது கணக்கில் வராது.

வெளியே போய் நின்று திருமுல்லைவாயிலில் இருக்கும் தேவிக்குப் போன் போட்டேன். "தேவி, இங்க ஒருத்தர் பேசிட்டாரும்மா."

"யோவ், மேடம் இன்னொருத்தரையும் பேச வச்சிட்டாங்கயா!" என்று அவள் கத்த, பின்னாலிருந்து செல்வம் சந்தோஷத்தில் அந்தப் பழைய வார்த்தையையே விட்டான். அழுதுகொண்டே சிரித்து, "நாசமாப் போறவனே" என்று நானும் கத்தினேன். பனியில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி நின்று, என் கழுத்தைப் பார்த்து, பட்டனை அமுக்கட்டுமா என்று கேட்டாள்.