கோட்டுக்கு மேலே ஊற்றிய எண்ணெய்

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுதபூஜை நாளில், ஒரு லாரியின் ஏர் ஃபில்டரில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினேன். அளவாகத்தான் ஊற்றினேன் என்று டிரைவரிடம் தலையாட்டினேன். இன்ஜின் உடைந்தது. பழி டிரைவர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டே இதைத் தாண்டிப் போய்விடுவேன். அப்படியே இத்தனை வருஷம் தாண்டியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காதர் பாய். அந்த டிரைவர்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது கூப்பிடுவார்.

"சார், ஒரு சந்தேகம். நம்ம பையன் சலீம் துபாய்லேருந்து வந்து டாக்ஸி ஓட்டறான்ல, வண்டிக்கு ஃபில்டர் மாத்தணுமாம். கடைக்காரன் பேப்பர் வேணாங்கறான். துணியில வந்திருக்காம். கழுவி, எண்ணெய் தடவி, திரும்பத் திரும்ப மாட்டிக்கலாமாம். பேப்பரா, எண்ணெயா? நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. அதை என்னிடம் கேட்கிறார். "நேர்ல வந்து சொல்றேன் பாய்" என்று வைத்துவிட்டேன்.

ஃபில்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மண்ணெண்ணெய் வாசனை வரும். அரியமங்கலத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த லாரி ஒர்க்‌ஷாப்பின் வாசனை அது. டிப்ளமா முடித்த கையோடு போனேன். சட்டைப் பையில் இரண்டு பேனா, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு மற்றவர்கள் தப்பைத் திருத்துவதற்கு. சாயங்காலம் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்வார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, இவன் இயந்திரங்களோடு புழங்குகிறவன் என்று ஊருக்குத் தெரிகிறதே என்று.

எங்கள் லாரிகள் கொள்ளிடத்துக்குள் இறங்கி மணல் ஏற்றும். காற்றே மணலாக இருக்கிற இடம். அந்தக் காற்றைத்தான் இன்ஜின் குடிக்க வேண்டும். ஃபில்டர் பழுதானால் ஒரு வருஷத்துக்குள் இன்ஜின் தேய்ந்துவிடும். அப்போது இரண்டு வகை இருந்தன. ஒன்று பேப்பர் ஃபில்டர், புதிதாக வந்தது. அடைத்துக்கொண்டால் தூக்கிப்போட்டு வேறு மாட்ட வேண்டும். மற்றது எண்ணெய் ஃபில்டர். அடியில் ஒரு கிண்ணம், அதில் எண்ணெய், மேலே கம்பி வலை. உள்ளே வரும் காற்று எண்ணெயில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, காலத்துக்கும் ஓட்டலாம். கிண்ணத்தின் உட்புறம் ஒரு கோடு இருக்கும். எண்ணெய் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்ஜின் காற்றோடு எண்ணெயையும் இழுக்கும். டீசல் இன்ஜினுக்கு எண்ணெயும் தீனிதான். அப்புறம் டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது.

எல்லா வண்டிக்கும் எது போடலாம் என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: எண்ணெய். டிரைவர்கள் பேப்பரை டயரில் அடித்துத் தூசி தட்டிக் கிழித்துவிடுகிறார்கள், கிழிந்த வழியே மணல் உள்ளே போகிறது என்பது என் வாதம். அது பொய்யும் இல்லை.

காதர் பாய்க்கு அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை சார் என்பார். முதலாளிக்கு எதிரிலேயே அவர் என்னிடம் சொன்னார்:

"பேப்பர்னா தப்பு பண்ணாலும் வண்டி மூச்சு முட்டி நிக்கும் சார், அவ்வளவுதான். எண்ணெய்னா தினம் அளவு பாக்கணும். அளவு பாக்கற கை எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா?"

"படிச்சவர் சொல்றார், நீ ஸ்டியரிங்கப் பாரு" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த வருஷ ஆயுதபூஜை வெள்ளிக்கிழமை வந்தது. வாழைமரம் கட்டி, லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் தட்டுத் தட்டாக வைத்திருந்தார்கள். ஊழியர்களின் குடும்பமெல்லாம் வந்திருந்தது. காதர் பாயின் மனைவியும் வந்திருந்தார். சலீம் அவர் வயிற்றில். பூஜை முடிந்ததும் முதல் லாரி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்க வேண்டும். அதை ஓட்டுவது எப்போதும் காதர் பாய்தான். காலையிலேயே ஃபில்டரைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, "எண்ணெய நான் வந்து ஊத்திக்கறேன் சார்" என்று சொல்லி ஜும்மா தொழுகைக்குப் போனார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நல்ல நேரம் போகிறது என்று பறந்தார். அன்றைக்கு எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். குத்துவிளக்கில் எண்ணெய் தளும்பியது. ரேடியேட்டரில் தண்ணீர் வழிந்தது. ஃபில்டர் கிண்ணத்தை நான் கையில் எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"என்ன தம்பி, பாதிக் கிண்ணத்தோட நிறுத்திட்டீங்க? இன்னிக்குப் போயி குறை வைக்கலாமா? நெறைய ஊத்துங்க."

ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊற்றினேன். கோடு முழுகுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். நாலடி நகரப்போகிற வண்டிதானே, சாயங்காலம் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். மாட்டி மூடியதும் முதலாளியின் மனைவி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

காதர் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஊத்திட்டீங்களா சார்? கோடு வரைக்கும்தானே?"

நான் தலையாட்டினேன்.

வண்டி கிளம்பியது. முதலில் சாதாரணமாகத்தான் உறுமியது. பிறகு சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வெள்ளையாகப் புகை வந்து வாழைமரத்தை மறைத்தது. காதர் பாய் காலைத் தூக்கிக் காட்டினார், தான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை என்பதற்காக. நிறுத்தும் குமிழை இழுத்தார். நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு மிருகத்தை அறுக்கும்போது அது கத்துமே, அதில் மூச்சு விடும் இடைவெளியாவது இருக்கும். இதில் இல்லை. தரை நடுங்கியது. குழந்தைகள் அலறினார்கள். கியரில் போட்டு அடக்கலாமென்றால் வண்டிக்கு முன்னால் அத்தனை பேர்.

அங்கே நின்றவர்களில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காற்று வழியை அடைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். என் கால் நகரவில்லை.

"தள்ளிப் போங்க, எல்லாரும் தள்ளிப் போங்க" என்று கத்திக்கொண்டே காதர் பாய் குதித்தார். பானெட்டைத் திறந்து, ஃபில்டரிலிருந்து போகிற குழாயைப் பிடுங்கி, தண்ணீர்த் தொட்டியில் கிடந்த ஈரச் சாக்கை இன்ஜினின் காற்று வாயில் திணித்து அழுத்தினார். அதற்குள் உள்ளே ஏதோ உடைந்தது. கொதிக்கும் எண்ணெய் அவர் வலது கை மேல் பீய்ச்சி அடித்தது. அப்போதும் சாக்கை விடவில்லை. இன்ஜின் இருமி, நின்றது.

அமைதி வந்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி: "பொம்பளைங்க முன்னாடி வித்தை காட்டினியாடா?"

"இல்ல முதலாளி, தானா ஏறுச்சு."

"தானா ஏறுமா? இன்ஜினியர் சொல்லட்டும். தம்பி, தானா ஏறுமா?"

"பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன்.

பார்த்தேன். கிண்ணத்தில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. என் தப்பை இன்ஜின் குடித்துத் தீர்த்துவிட்டது. "ஃபில்டர் சரியாத்தான் இருக்கு" என்றேன். அதுவும் பொய்யில்லை. இப்படிப் பொய்யில்லாத வாக்கியங்களாகவே பேசி ஒரு மனிதனைக் கெடுக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வேலை போயிற்று. 'வித்தை காட்டின காதர்' என்ற பெயர் அவருக்கு முன்னால் ஒவ்வொரு ஷெட்டுக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினார், அந்தக் கையோடு.

நான் அவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனதால் என்று நினைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறக்கும்போது இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று நினைப்பேன். ஒருநாள் சொன்னார்: "எல்லாரும் என்னைப் பேசினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல சார்." என் மௌனத்தை அவர் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? நட்பு வளர வளர பயமும் வளர்ந்தது. அவரை இழக்கவும் பயம், அவர் கூப்பிட்டால் எடுக்கவும் பயம்.

இந்த முறை சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பாலக்கரையில் சின்ன மாடி வீடு. சலீம் நாற்காலி போட்டான். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடிக்காமல் சொன்னேன். பூஜை, கிண்ணம், கோடு, தலையாட்டல், எல்லாம்.

காதர் பாய் மடங்காத விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"ஊத்தினது சரி சார். முதலாளி நிக்கிறாரு, ஊத்தச் சொல்றாரு. நான் வந்து கேட்டப்ப ஏன் தலையாட்டினீங்க?"

"பயம் பாய்."

"யார்கிட்ட? என்கிட்டயா பயம்?"

"ஆமா. அளவு தப்பும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தீங்க. அது என் கையிலயே நடந்துச்சு."

சலீம் கேட்டான்: "அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன சார் ஆயிருக்கும்?"

"திட்டு வாங்கியிருப்பேன். வேற இடத்துல வேலை தேடியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான்.

அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கணவரிடம் பேசினார். "நானும் அங்கதானே நின்னேன். ஏன் இப்படி வித்தை காட்டினீங்கன்னு நேத்து வரைக்கும் சொல்லிக் காட்டியிருக்கேன். இல்லைன்னு சொன்னீங்க. நான் நம்பலியே."

"விடு" என்றார் காதர் பாய்.

சலீமிடம் பேப்பரே போடச் சொல்லிவிட்டு எழுந்தேன். தலையசைத்தான். வாசல் வரை யாரும் வரவில்லை.

மறுவாரம் முதலாளியின் மூத்த மகனைப் போய்ப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். அவரிடமும் முழுதாகச் சொன்னேன். "அப்பா காலத்துக் கதை சார். இப்ப யாரு கேக்கப்போறா?" என்று சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அன்றைய டிரைவர்களில் உயிரோடு இருக்கிற இருவரைத் தேடிப்பிடித்தேன். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. மற்றவருக்கு காதர் என்றால் யார் என்று நினைவில்லை. என் பொய் அழிக்க ஆளில்லாத இடத்துக்குப் போய்விட்டது.

ஏழு ஞாயிறுகள் போன் வரவில்லை. எட்டாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் வெளிய போயிருக்காருங்க" என்றார்.

பக்கத்தில் காதர் பாய் யாரிடமோ செய்தித்தாள் கேட்கும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரிம்மா" என்று சொல்லி வைத்தேன்.